சத்தியக் கடதாசி

அந்தப் பக்கத்தை மட்டும் கொஞ்சம் மடிச்சு வச்சுக்கங்க தம்பி. கோவிச்சுக்காதீங்க. நீங்க பேப்பர் படிக்கிறதை நான் ஏன் தடுக்கப் போறேன். பக்கத்து சீட்டுல உக்காந்திருக்கேன், கண்ணு தானாப் போகுது. கொட்டை எழுத்துல போட்டிருக்கான் பாருங்க, புதிய அதிபர் பதவியேற்பு, என்ன எதிர்பார்க்கலாம்னு. அதைப் பாத்தாலே எனக்குப் பிடிக்கல. எந்த நாட்டு அதிபர்னு நான் பாக்கல. எந்த நாடா இருந்தா என்ன. ஜெயிச்சவன் கையைத் தூக்கிக் காட்டுறான். இவரு இதைச் செய்வாரு, அதைச் செய்வாருன்னு நாலு பேரு உக்காந்து எழுதுறான்.

நீங்க எதுவரைக்கும்? ராமேஸ்வரமா. சரி, நானும் பாலம் தாண்டித்தான். இன்னும் ரெண்டு மணி நேரத்துக்கு மேல இருக்கு. என்ன எதிர்பார்க்கலாம்னு நான் சொல்றேன்.

என் பேரு இன்னாசி. முப்பது வருசமா கடல் தொழில். முதல்ல அடுத்தவன் போட்டுல கூலிக்குப் போனேன், அப்புறம் சொந்தமா ஒரு விசைப்படகு வாங்கினேன். அந்தோணியார் துணைன்னு பேரு. ஒரே ஒரு போட்டு. அதைச் சொல்லிக்கிறேன், ஏன்னா எங்க சங்கத் தலைவர் தொபியாசுக்கு மூணு போட்டு. மூணு போட்டுக்காரன் பேச்சு வேற, ஒரு போட்டுக்காரன் பேச்சு வேற. அது பின்னால வரும்.

என் போட்டுக்கு வியாகுலம்தான் டிரைவர். பதினோரு வருசம் எங்கிட்ட இருந்தான். சொந்தமில்ல, ஆனா சொந்தம் மாதிரி. அவன் கல்யாணத்துக்கு நான்தான் முன்ன நின்னேன். பொண்டாட்டி பேரு கித்தேரி, நண்டு கம்பெனியில சதை எடுக்கிற வேலை. என்னை அண்ணேன்னுதான் கூப்பிடும். அந்த வீட்டுல எனக்குன்னு தனியா ஒரு டம்ளர் வச்சிருந்தாங்க. அப்படி.

அந்த வருசம் மீன்பிடித் தடைக்காலம் முடிஞ்சு கடலுக்குப் போனா, ஒண்ணும் இல்ல. நம்ம பக்கம் கடல் காலியாக் கிடக்கு. ஏன் காலின்னு கேக்காதீங்க, அதுக்கு ஆயிரம் காரணம் சொல்லுவானுங்க. எங்க மடிவலை அடிமண்ணோட வாருது, குஞ்சு குளுவான் எல்லாம் வந்துருதுன்னு காலேஜ்ல இருந்து ஒரு பொண்ணு வந்து படம் போட்டுக் காட்டுச்சு. படம் நல்லாத்தான் இருந்துச்சு. மீன் அந்தப் பக்கம் போயிருச்சு தம்பி, விசயம் அவ்வளவுதான். அந்தப் பக்கம் கிடக்கு மீன், இந்தப் பக்கம் கிடக்குது போட்டு. நடுவுல கடல்ல யாராச்சும் கோடு போட்டு வச்சிருக்கானா? கடல் எல்லாருக்கும் பொது.

ஆமா, தெக்க இருந்து பெரிய போட்டுக்காரனுங்க வந்து எங்க கரையில மடி இழுத்தானுங்க ஒரு தடவை. பிடிச்சுக் கட்டிப் போட்டோம். அது வேற. அது எங்க கரை.

மூணு தடவை வியாகுலம் வெறுங்கையோட வந்தான். நாலாவது தடவை கிளம்பறப்ப படகுத்துறையில நின்னு சொல்றான், "அண்ணே, அந்தப் பக்கம் ரோந்து சாஸ்தியா இருக்காம். நான் ஏற்கெனவே ஒரு தடவை மாட்டி, இனி வரமாட்டேன்னு எழுதிக் குடுத்துட்டு வந்தவன். இங்கனக்குள்ளயே பாத்துட்டு வந்துருறேன்."

நான் என்ன சொன்னேன்? தாண்டிப் போன்னு சொன்னேனா? அந்த வார்த்தை என் வாயில வரவே இல்ல. "இந்தத் தடவையும் வெறுங்கைன்னா சாவியைக் குடுத்துட்டுப் போயிரு"ன்னு சொன்னேன். அவ்வளவுதான். ஒரு முதலாளி சொல்ற வார்த்தைதானே அது. யாரும் சொல்றதுதான்.

மறுநாள் காலையில செய்தி வந்துருச்சு. அவங்க நேவி பிடிச்சுட்டாங்க. போட்டு, வியாகுலம், கூட நாலு பேரு. அந்த நாலு பேரையும் ஒரு மாசத்துல விட்டுட்டான். வியாகுலம் ரெண்டாவது தடவைங்கறதால ஒன்றரை வருசம் ஜெயில்னு தீர்ப்பாயிருச்சு. அப்பீல் போட்டிருந்தோம். போட்டை அங்க ஒரு துறைமுகத்துல கட்டி வச்சுட்டாங்க.

அப்பத்தான் அங்க தேர்தல் வந்துச்சு.

எங்க ஊரைப் பாத்திருக்கணும் நீங்க. நம்ம ஊரு தேர்தலுக்குக்கூட அப்படிப் பேசினதில்ல. டீக்கடையில, ஏலக்கூடத்துல, பூசை முடிஞ்சு வெளிய வந்தா சர்ச் வாசல்ல, எங்க பாத்தாலும் அவங்க ஊரு பிரசிடெண்டு பேச்சுதான். ஒருத்தன் ஜெயிச்சான். பழைய கும்பல் இல்ல, கஷ்டப்பட்ட வீட்டுல இருந்து வந்தவன்னு சொன்னாங்க. தொபியாசு படகுத்துறையில பெஞ்சு மேல ஏறி நின்னு பேசினாரு. "இவரு ஏழை வீட்டுப் பிள்ளை. ஏழை கஷ்டம் ஏழைக்குத்தான் தெரியும். ஆளையும் விடுவாரு, போட்டையும் விடுவாரு. பொங்கலுக்குள்ள எல்லாம் வீடு வந்து சேரும்."

பத்தாயிரம் வாலா வெடிச்சோம் தம்பி. அடுத்த நாட்டு பிரசிடெண்டுக்கு. வெடி வாங்கிட்டு வந்தது யாரு? நான். இப்ப நினைச்சா எனக்கே அருவருப்பா இருக்கு. அவன் மூஞ்சியை நேர்ல பாத்ததில்ல, அவன் பேசற பாசையில ஒரு வார்த்தை தெரியாது. அவனுக்கு வெடி. கித்தேரி வீட்டுக்குப் போயி லட்டு குடுத்தேன். "கிறிஸ்மசுக்கு உன் வீட்டுக்காரன் இங்க இருப்பான், எழுதி வச்சுக்க"ன்னேன். அது லட்டைக் கையில வச்சுக்கிட்டு, "யாரு சொன்னா அண்ணே"ன்னு கேட்டுச்சு. புது பிரசிடெண்டு வந்திருக்காருல்லன்னேன். "அவரு சொன்னாரா"ன்னு கேட்டுச்சு. அவரு எப்படிச் சொல்லுவாரு. நாங்கதான் சொன்னோம்.

கண்டக்டர் நிக்கிறாரு பாருங்க, டிக்கெட்டைக் காட்டிருங்க. இந்த ஆளு மூணாவது தடவை கேக்குறாரு.

கார்த்திகை மாசம் பேச்சுவார்த்தைன்னு ஏற்பாடு ஆச்சு. நம்ம ஆளுங்க ஆறு பேரு அங்க போயி அவங்க மீனவங்களோட நேருக்கு நேரா உக்காந்து பேசறது. புது அரசாங்கம் சரின்னு சொல்லிருச்சு. பாத்தீங்களா, நல்லவன்னு சொன்னோம்லன்னு எல்லாருக்கும் ஒரே சந்தோசம். ஆறு பேருல தொபியாசும் நானும் உண்டு. நாகப்பட்டினத்துல கப்பல் ஏறினோம். முப்பது வருசம் கடல்ல கிடந்தவன், அந்த ஏசி ரூமு நாத்தத்துல நான் வாந்தி எடுத்தேன். கண்ணாடிக்குள்ள உக்கார வச்சுக் கடலைக் காட்டுறான். எனக்குத் தாங்கல.

யாழ்ப்பாணத்துல ஒரு மண்டபம். இந்தப் பக்கம் நாங்க ஆறு பேரு, அந்தப் பக்கம் அவங்க பத்துப் பதினஞ்சு பேரு. எல்லாம் நம்ம தமிழ்தான். முகமும் நம்ம முகம்தான். அவங்க சங்கத்துக்கு ஒரு பொம்பளை தலைவி, யோகமலர்னு பேரு, ஐம்பது வயசு இருக்கும். புருசன் செத்தப்புறம் அவளே போட்டுல போறாளாம். வணக்கம் சொல்லி, தண்ணி குடுத்து, மரியாதையாத்தான் ஆரம்பிச்சா.

"ஐயா, நீங்கள் எங்கட சனாதிபதியிட்ட என்னத்தை எதிர்பாக்கிறியள்?"ன்னு கேட்டா. நேரா என்னைப் பாத்து.

நான் சொன்னேன். "அவரு நல்லவருன்னு கேள்விப்பட்டோம்மா. எங்க ஆளுங்களை விடணும், போட்டுகளை விடணும். வேற ஒண்ணும் கேக்கல."

அவ தண்ணிச் செம்பை ஒரு பக்கமா நகத்தி வச்சா. அப்புறம் சொன்னா, "நாங்களும் அவருக்குத்தான் வோட்டுப் போட்டனாங்கள். எங்கட ஊரில முக்கால்வாசிச் சனம் போட்டது. ஏன் எண்டு தெரியுமே? இந்தியப் போட்டுகளை இந்தப் பக்கம் வர விடமாட்டன் எண்டு மேடையில சொன்னவர். அதுக்காகத்தான்."

எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்க. ஒரே ஆளு. நான் இங்க வெடி போடுறேன், அவ அங்க வோட்டுப் போடுறா. நான் நினைச்சது ஒண்ணு, அவ நினைச்சது அதுக்கு நேர் எதிர்ல ஒண்ணு. ரெண்டு பேருக்கும் நல்லவன். அப்படி ஒரு நல்லவன் இருக்க முடியுமா?

அதோட விட்டாளா. பின்னால திரும்பி ஒரு ஆளைப் பாத்தா, அவன் ஒரு சாக்கைத் தூக்கிட்டு வந்து மேசை மேல கொட்டுறான். வலை. கிழிஞ்ச வலை. பாசியும் செத்த நண்டும் ஒட்டிக்கிட்டு, சாப்பிடுற நேரத்துல, மூக்கு முன்னால. தொபியாசு துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கிட்டாரு. என்ன பழக்கம் இது? விருந்தாளியைக் கூப்பிட்டு உக்கார வச்சு நாத்தத்தைக் கொட்டறது.

"உங்களைக் குத்திக் காட்டக் கொண்டு வரேல்லை"ன்னா அவ. "பத்து வலை விட்டனான். உங்கட போட்டுகள் இழுத்துக்கொண்டு போனாப்பிறகு இவ்வளவுதான் மிச்சம். இதைத் தைக்கலாமோ எண்டு பாத்துச் சொல்லுங்கோ. நீங்களும் கடல்காரர்தானே."

எல்லாரும் என்னைப் பாக்கிறாங்க. நான் கையில எடுத்துப் பாத்தேன். எனக்கு வலை தெரியும் தம்பி, சின்னதுல இருந்து கை ஓடின வேலை அது. கண்ணி கண்ணியாப் பிரிஞ்சு, கயிறோட உருவிப் போயிருந்துச்சு. அடிமடி இழுத்தாத்தான் அப்படி வரும். பொய் சொல்லியிருக்கலாம். ஆனா வலையைக் கையில வச்சுக்கிட்டுப் பொய் வரல.

"தைக்க முடியாதும்மா"ன்னேன்.

"அதுதான்"னா அவ. வலையை வாரிச் சாக்குல போட்டுட்டு, அதே கையைக் கழுவிட்டு வந்து எங்களுக்குச் சோறு போட்டா. மீன் குழம்பு, முருங்கைக்கீரை. மத்தவனெல்லாம் அள்ளி அள்ளித் தின்னான். நான் கீரையை மட்டும் தொட்டுக்கிட்டேன்.

மறுநாள் போட்டுகளைப் பாக்க விட்டாங்க. வரிசையாக் கட்டிக் கிடக்கு, நம்ம ஊரு போட்டுகளா. என் போட்டு கடைசியில ஒரு பக்கமாச் சாஞ்சு பாதித் தண்ணிக்குள்ள கிடந்துச்சு. பெயிண்டு உரிஞ்சு அந்தோணியார்ல பாதி எழுத்துக் காணோம். டிரைவர் ரூமுக்குள்ள ஒரு நாய் குட்டி போட்டு வச்சிருக்கு. நான் அழுதுட்டேன் தம்பி. சொல்றதுக்கு வெக்கமில்ல. தரையில உக்காந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். எங்க அப்பா செத்தப்பக்கூட அப்படி அழல.

தொபியாசு போட்டும் ஒண்ணு அங்க கிடந்துச்சு, அதுவும் ஆளோட மாட்டினது. அந்த ஆளு ஒரு நிமிசம் நின்னு பாத்துட்டு, "போனாப் போகுது, ஆளு வந்தாச் சரி"ன்னுட்டு நடந்துட்டாரு. மூணு இருக்கறவனுக்கு ஒண்ணு போனா என்ன. எனக்கு அவரைப் பாக்கவே பிடிக்கல.

அன்னிக்குச் சாயங்காலம் வக்கீலைப் பாத்தோம். வயசான மனுசன், நிதானமாப் பேசினாரு. போட்டைக் கேட்டு வாங்கணும்னா முதலாளி நேர்ல வந்து எழுதிக் குடுக்கணுமாம். போட்டு எல்லை தாண்டினது எனக்குத் தெரியாது, நான் போக வேணாம்னு சொல்லியும் டிரைவர் என் பேச்சை மீறித் தானா ஓட்டிட்டுப் போயிட்டான், அப்படின்னு சத்தியம் பண்ணி எழுதணும். அங்க அதுக்குப் பேரு சத்தியக் கடதாசி. பேரைப் பாருங்க.

வக்கீல் என்னையும் தொபியாசையும் உக்கார வச்சு ஒண்ணு சொன்னாரு. "இதைக் குடுத்தா போட்டுக் கிடைக்க ஒரு வழியிருக்கு. ஆனால் டிரைவருடைய அப்பீலுக்கு இது இடைஞ்சலாக வரலாம். கூலிக்கு வேலை செய்தவன், முதலாளி சொல்லித்தான் போனவன் எண்டுதான் நாங்கள் அங்க வாதாடுறம்."

தொபியாசு, "எனக்குப் போட்டு வேணாம் ஐயா. நான் அனுப்பித்தான் என் ஆளுங்க போனாங்க, அப்படியே எழுதிக்கங்க"ன்னுட்டாரு. நல்லவன் வேசம். ஊருக்கு வந்து சொல்லிக்கலாம்ல.

நான் யோசிச்சேன். யோசிக்காமச் செஞ்சேன்னு நினைச்சுராதீங்க. இடைஞ்சலா வரலாம்னுதானே சொன்னாரு? வரும்னு சொல்லலயே. அப்புறம், புது பிரசிடெண்டு எப்படியும் ஆளுங்களை விடத்தான் போறாரு, ஊரே சொல்லுது. ஆளு எப்படியும் வந்துருவான். போட்டுதான் வராது. அப்ப வராததுக்குத்தானே நான் பாக்கணும்? போட்டு வந்தா யாருக்கு? வியாகுலத்துக்கும்தான் சோறு. அவனுக்காகவும்தான் போட்டேன் கையெழுத்து. இங்கிலீசுல அடிச்சிருந்தாங்க. கடைசிப் பக்கத்துல தமிழ்ல இன்னாசின்னு போட்டேன்.

என்ன தம்பி, அப்படிப் பாக்குறீங்க? அதுல என்ன பொய் இருக்கு? தாண்டுன்னு நான் சொன்னேனா? இப்பத்தான் சொன்னேன் உங்ககிட்ட.

அதுக்கு மறுநாள் ஜெயில்ல வியாகுலத்தைப் பாத்தோம். கித்தேரி முறுக்கு சுட்டுக் குடுத்துவிட்டிருந்துச்சு, அதை உள்ள விடல. ஒரே பினாயில் நாத்தம். ஆளு இளைச்சுப் போயிருந்தான். கால்ல துணி சுத்தியிருந்தான். ஏதோ குத்திருச்சு, ஆற மாட்டேங்குதுன்னான். என்னைப் பாத்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "அண்ணே, போட்டைப் பாத்தீங்களா? தண்ணி ஏறாம இருக்கா?"

பாத்தேன், நல்லாருக்குன்னேன்.

"புது பிரசிடெண்டு வந்திருக்காராம்ல. விட்டுருவாருங்கறாங்களே."

"விட்டுருவாரு. கிறிஸ்மசுக்கு நீ வீட்டுல."

சிரிச்சான். கித்தேரிக்கிட்ட கால் விசயத்தைச் சொல்லாதீங்கன்னான். சொல்லல. நான் அதைச் சொல்லவே இல்ல.

கிறிஸ்மசுக்கு நாலு நாள் முந்தி லிஸ்ட்டு வந்துச்சு. புது பிரசிடெண்டு மன்னிச்சு விடுறவங்க லிஸ்ட்டு. பத்தொன்பது பேரு. தொபியாசு டிரைவர் பேரு இருக்கு. வியாகுலம் பேரு இல்ல. கூலிக்கு வந்து மாட்டினவனை விட்டுருவாங்களாம். வேணும்னே தானா வந்தவனை, அதுவும் ரெண்டாவது தடவை வந்தவனை விடமாட்டாங்களாம். அதுதான் புது பிரசிடெண்டு கொள்கையாம். நல்ல கொள்கை. அதே வாரத்துல அப்பீலும் தள்ளுபடி.

கித்தேரி வீட்டுக்கு வந்துச்சு. கம்பெனியில இருந்து நேரா, கையெல்லாம் நண்டு வாடையோட. வாசல்ல நின்னுக்கிட்டே கேட்டுச்சு, "ஏன் அண்ணே அவரு பேரு இல்ல?"

"அதை அந்த பிரசிடெண்டைத்தான் கேக்கணும்"னேன்.

"அவரு யாருன்னே எனக்குத் தெரியாதுண்ணே. எனக்கு உங்களைத்தான் தெரியும்."

உள்ள வா, காப்பி குடின்னேன். வேணாம்னு போயிருச்சு. அந்தக் கிறிஸ்மசுக்கு எங்க வீட்டுல கறி எடுத்திருந்தோம். இலையில வச்சதைத் தொடாம எந்திரிச்சுட்டேன். பொண்டாட்டி வயித்துல ஏதாச்சும் கோளாறா இருக்கும்னா. டாக்டருக்கிட்டப் போனேன். ஒண்ணுமில்லைன்னுட்டாரு.

போட்டு? கேளுங்க அதையும். தை மாசம் அறிவிச்சுட்டான். பிடிச்ச போட்டு எதையும் திருப்பித் தர்றதில்லையாம். எல்லாம் அரசாங்கத்துக்குச் சொந்தமாம். நான் குடுத்த கடதாசியை எவனும் திரும்பிக்கூடப் பாக்கல. ஆளுக்கு மட்டும் அதைப் பாத்தான், போட்டுக்குப் பாக்கல. என்ன நியாயம் இது? அங்க இருந்து ஒருத்தன் போனுல படம் அனுப்பினான். மிசின் வச்சு என் போட்டை உடைக்கிறாங்க. பலகை பலகையா. அந்தப் பொம்பளை யோகமலர் அதை நின்னு பாத்திருப்பா. அவளாவது சந்தோசப்பட்டாளான்னா அதுவும் இல்ல. போன மாசம் டீவியில பாத்தேன், ஒரு ஊர்வலத்துல போயிக்கிட்டிருக்கா. போட்டுகள் வர்றது நிக்கவே இல்லையாம், சனாதிபதி சொன்னதைச் செய்யலையாம். நான் அந்த டீவியை நிறுத்திட்டேன்.

வியாகுலம் முழுசா இருந்துட்டுத்தான் வந்தான். தண்டனை முடிஞ்சும் கொஞ்ச நாள் கழிச்சுத்தான் விட்டாங்க. சென்னைக்குப் பிளேன்ல கொண்டுவந்து, அங்க இருந்து வேன்ல ஊருக்கு. நானும் போயி நின்னேன். மாலை வாங்கிட்டுப் போயிருந்தேன். வேன்ல இருந்து இறங்கறப்பவே தெரிஞ்சுருச்சு, கால் சரியில்ல. வலது கால்ல ரெண்டு விரலை எடுத்திருக்காங்க. சுகர் இருந்திருக்கு அவனுக்கு. புண்ணு ஆறாமப் போயி அழுகிருச்சு. மாலையைப் போட்டேன். கட்டிப்பிடிச்சான். கித்தேரி தள்ளி நின்னுச்சு.

ரெண்டு நாள் கழிச்சு ஆளு அனுப்பியிருந்தான், அண்ணனை வரச் சொல்லுன்னு. போனேன். பாயைப் போட்டு உக்கார வச்சான். கித்தேரி காப்பி கொண்டுவந்து வச்சுச்சு. என் டம்ளர்தான். வச்சுட்டு உள்ள போகல, அடுப்படி வாசல்ல நின்னுச்சு.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். தப்பா நினைக்கக் கூடாது"ன்னான்.

"கேளுடா."

"அப்பீல் அன்னிக்குக் கோர்ட்டுல ஒரு காயிதத்தைப் பாத்தாங்க. தூரத்துல இருந்து பாத்தேன், அடியில உங்க கையெழுத்து. உங்க கையெழுத்து எனக்குத் தெரியும்ல. இங்கிலீசுல இருந்துச்சு, என்னன்னு யாரும் எனக்குச் சொல்லல. அதைப் படிச்சுட்டுத்தான் அந்த ஜட்ஜு ஐயா தலையை ஆட்டினாரு. அதுல என்ன எழுதியிருந்தீங்க?"

அவன் கண்ணுல ஒரு சந்தேகமும் இல்ல தம்பி. அதான் எனக்குத் தாங்கல. சந்தேகப்பட்டுக் கேட்டிருந்தா சட்டையைப் பிடிச்சு நாலு வார்த்தை பேசியிருக்கலாம். நான் ஒரு போட்டுக்காரண்டா, எனக்கு வேற வழி என்னடான்னு கேட்டிருக்கலாம். அவன் சும்மா, தெரிஞ்சுக்கறதுக்குக் கேக்குறான்.

"உன்னை விடச் சொல்லித்தான் எழுதிக் குடுத்தேன்"னேன். "புள்ளகுட்டிக்காரன், பாவம், விட்டுருங்கன்னு. அந்த ஜட்ஜு கேக்கல."

வியாகுலம் பொண்டாட்டி பக்கம் திரும்பினான். "நான் அங்கயே இப்படித்தான் நினைச்சேன். நீதான் என்னென்னமோ சொன்ன. அண்ணன் அப்படிச் செய்வாரா?" அப்புறம் என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டான். "அண்ணே, அடுத்த போட்டு எடுக்கறப்பச் சொல்லுங்க. நின்னு ஓட்ட முடியாது. ஸ்டூல் போட்டு உக்காந்து ஓட்டிருவேன்."

அவன் கை ரொம்பச் சூடா இருந்துச்சு. உருவிக்கவும் முடியல, வச்சுக்கவும் முடியல.

கித்தேரி நடந்து வந்துச்சு, நான் இன்னும் வாய் வைக்காத காப்பி டம்ளரை எடுத்துச்சு, கொல்லைப் பக்கம் போயி ஊத்துச்சு. சாம்பல் போட்டு வெளக்குற சத்தம் கேட்டுச்சு. ரொம்ப நேரம் வெளக்குச்சு. வியாகுலத்துக்கு அது புரியல. "அண்ணன் இன்னும் குடிக்கலடி"ன்னான்.

நான் எந்திரிச்சு வந்துட்டேன். அது ஆச்சு ஏழு மாசம். பாருங்க தம்பி, எங்கயோ இருக்கிற ஒரு பிரசிடெண்டு, ஓட்டுப் போடாத என் ஊருக்குள்ள வந்து, ஒரு நல்ல குடும்பத்துக்கும் எனக்கும் நடுவுல என்ன வேலை பாத்துட்டுப் போயிட்டான். சீ. நான் இப்ப அந்தத் தெரு வழியாப் போறதில்ல. ஞாயித்துக்கிழமை பூசைக்குக்கூடக் கடற்கரையைச் சுத்தித்தான் போறேன்.